ஸ்டோர் ஜன்னலில் உன் நெஞ்சு

இன்று காலை உன்னைத் திரும்பவும் தோட்டத்து மெஷின் ஸ்டோர் ஜன்னலில் ஒட்டிவிட்டேன். உன்னை என்றால், உன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை. உடைந்த கண்ணாடி வழியே பனி உள்ளே வந்து மெஷினெல்லாம் ஈரம் பிடிக்கிறது என்று நீயே உன் கையால் டேப் போட்டு ஒட்டினாயே, அதே சட்டத்தில், அதே மூலையில். கிளினிக்கில் கொடுத்த படத்தை யாராவது ஜன்னலுக்குப் போடுவார்களா என்று அன்றைக்கு நான் கேட்டேன். "நல்ல பிளாஸ்டிக் லா. வீணாப் போகணுமா?" என்றாய். உன்னிடம் ஒரு கேள்வி கேட்டு ஒழுங்கான பதில் என்றைக்கு வந்திருக்கிறது?

மலைக்கு மேல் வெயில் ஏறியதும் உன் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. நடுவில் உன் இருதயம், சின்னதாக, ஒடுக்கமாக, மழைக்கு ஒதுங்கி நிற்கிற ஆளைப் போல. ஸ்டோர் முழுக்கப் பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் கலந்த அந்த வாடை. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. வெளியே கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்து ஆட்கள் மலையேறத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் ஒட்டிய டேப்பையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றேன்.

நீ போனதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரிவதில்லை. வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். என் மனைவி சரசு பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். அதனால்தான் இப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டவனா நீ?

நம் மெஷினைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருக்கிறது. கொழுந்து வெட்டுகிற அந்த மெஷினை ஒருவன் தனியாகப் பிடிக்க முடியாது. தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், நடுவில் வளைந்த கத்தி. வெட்டின கொழுந்து பறந்துபோய் விழுகிற நீளப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் மூன்றாவது ஆள். எஞ்சின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் பிடிக்கிறவனுக்குத்தான் பாரம், சூடு, புகை, அதிர்வு எல்லாம். எதிர்ப் பக்கத்துக்காரனுக்கு வெறும் கைப்பிடி. அதனால் ஒவ்வொரு நிரை முடிகிற இடத்திலும் பக்கம் மாற்றிக்கொள்வது நம் மலையில் பழக்கம். யாரும் சொல்லித் தருவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. மெஷினை இறக்குவோம், நீ இந்தப் பக்கம் வருவாய், நான் அந்தப் பக்கம் போவேன், எதிரெதிரே போகிறபோது ஒரு வார்த்தை திட்டிக்கொள்வோம், அடுத்த நிரை. யோசித்துப் பார்த்தால் நம் சிநேகிதம் முழுக்க அந்த நிரைக் கடைசிகளில்தான் நடந்திருக்கிறது. மற்ற நேரம் எஞ்சின் சத்தத்தில் யார் பேசுவது?

ஈரப் பாறையில் கால் வழுக்கி நான் விழுந்தேனே, அன்றைக்கு ஆரம்பித்தது எல்லாம். விலாவில் கவாத்து வெட்டின தேயிலைக் கட்டை குத்தி, நிமிர முடியாமல் கிடந்தேன். நீதான் உன் பழைய வேனில் தூக்கிப் போட்டு டவுன் கிளினிக்குக்குக் கொண்டுபோனாய். வளைவுக்கு வளைவு நான் கத்தினேன். நீ அதற்கும் மேலே கத்தினாய், மெதுவாக ஓட்டினால் ரோடு குறையுமா என்று. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் பலகையைச் செருகி, முன்னாலிருந்து எடுத்தார்கள். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எங்கே இழுப்பது? பாதி மூச்சிலேயே உயிர் போயிற்று.

நீ வெளியே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாய். அந்த இருமல் எனக்கு எரிச்சலாக இருந்தது. வந்ததுதான் வந்தாய், நீயும் ஒரு படம் எடுத்துக்கொள் என்றேன். முனகிக்கொண்டே போனாய். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, பலகையை அணைத்து நின்று, முழு மூச்சை இழுத்துப் பிடித்தாய். எனக்கு நினைவிருக்கிறது, எடுத்து முடித்த பிறகும் மூச்சை விடவில்லை, படம் எடுத்தவர்தான் போதும் என்று சொன்னார்.

அந்தக் கிளினிக் டாக்டர் நல்லவர். நிதானமாகத்தான் சொன்னார். என் விலா உடையவில்லை. இருதயம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. உட்கார வைத்து எடுத்ததால்கூட அப்படித் தெரியலாம். எதற்கும் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்றார். உன் படத்தைப் பார்த்துவிட்டு, இருதயம் அளவாக இருக்கிறது, ஆனால் நுரையீரல் புகையில் ஊதிப்போயிருக்கிறது, சிகரெட்டை விடுங்கள், மூச்சு வாங்கினால் திரும்ப வாருங்கள் என்றார். இவ்வளவும் சொன்னார். நாம் ஆளுக்கு ஒரு வார்த்தையைத்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். எனக்குப் 'பெரிது'. உனக்கு 'அளவு'.

வேனில் இரண்டு படத்தையும் கண்ணாடியில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். "உன்னுது பலாக்காய் மாதிரி கெடக்கு. என்னுது பாரு, மாங்காய்," என்றாய். நான் சிரித்தேன், விலா வலித்தது. அதற்குப் பிறகு நீ சிரிக்கவில்லை. ரிங்லெட் ஊர் தாண்டுகிறவரை ரோட்டையே பார்த்து ஓட்டினாய். உன் மனதுக்குள் ஏதோ முடிவு பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நம் லயத்து வீடுகளில் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சரசு உப்பை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். கருவாடு நின்றது. பக்கத்து வீட்டில் பூண்டு வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். கோயிலில் விபூதி கொடுக்கிறபோதுகூட, "ஹார்ட்டு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பு. வீங்கின இருதயம் என்றால் ஓய்ந்துபோன இருதயம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். நானும்தான். நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். சரியாக இருக்கிற ஒரு பம்பைப் பற்றி இத்தனை கவலைப்பட்ட ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

விலா ஆறி நான் வேலைக்குத் திரும்பிய நாளில் முதல் நிரை முடிந்தது. பழக்கப்படி பக்கம் மாற்றிக்கொள்ள வந்தேன். நீ எஞ்சின் பக்கத்தை விடவில்லை. நான் கையை வைத்தேன், நீ தோளால் தள்ளினாய். பை பிடிக்கிற நேப்பாளக்காரர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றித் தேயிலையில் அடித்தேன். எனக்கு அவமானமாக இருந்ததடா. நிரைக்கு நிரை சமமாக நடந்துவிட்டு, திடீரென்று சீக்காளி ஆகிவிட்டேன்.

"எனக்கு சைஸ் சரியா இருக்கு. உனக்குத்தான் வீங்கிப் போய்க் கெடக்கு," என்றாய். "பேசாம அந்தப் பக்கமே நில்லுடா."

நானா கேட்டேன்? நீயாகப் பிடுங்கிக்கொண்டாய். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் என் மனசு கேட்கவில்லை, உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அதிலிருந்து எல்லா நிரையும் உனக்கே எஞ்சின் பக்கம். நிரைக் கடைசிக்கு வந்ததும் மெஷினை இறக்கிவிட்டு முழங்காலில் கையை ஊன்றி நிற்பாய். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய், ஏதோ ஆணியைத் தேடுகிற மாதிரி. என்னடா என்றால் சிகரெட்டு என்பாய். சாயங்காலம் பூட்ஸ் கழற்ற வராமல் சுவரில் காலை உதைத்து இழுப்பாய். கழற்றினால் காலுறை விளிம்பு சதைக்குள் பதிந்திருக்கும். அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாய், பூட்ஸ் புதுசு என்று. உன் மகள் கோமதி ஒருநாள் கோலா தெர்லாவில் பூ பேக் பண்ணுகிற வேலை முடிந்து வருகிற வழியில் என்னை நிறுத்தினாள். அம்மா இல்லாத பெண், உன்னைப் பற்றிச் சொல்ல வேறு யாரிடம் போவாள்? நீ படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாய் என்றாள்.

உடனே ஸ்டோருக்கு வந்து சத்தம் போட்டேன். டாக்டரிடம் போகலாம் வா என்றேன். நீ எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, துணி பிடித்த கையால் ஜன்னலைக் காட்டினாய். அங்கே உன் படம். அளவான இருதயம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்கிற மாதிரி.

இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லெம்பா பெர்த்தாமில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் பழைய தண்ணீர் மோட்டார் வாங்கினால் உன்னைத்தானே கூட்டிக்கொண்டு போவார்கள்? பளபளவென்று பெயின்ட் அடித்த மோட்டாரை நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். "கவரைப் பாத்து எஞ்சின் வாங்காத லா," என்பாய். கயிற்றை இழுப்பாய், கையில் வருகிற இறுக்கத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வாய். ஊர் எஞ்சினுக்கெல்லாம் கயிறு இழுத்துப் பார்த்தவன், உன்னுடையதற்கு மட்டும் கவரைப் பார்த்துத் திருப்திப்பட்டாயே. உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

என் ஸ்கேன் தேதி வந்தது. தாப்பா வழியாக ஈப்போவுக்கு நீதான் ஓட்டினாய். இறக்கத்தில் ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் வாய்க்கு முன்னால் துண்டு, இருமிக்கொண்டே. அங்கே நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, சின்ன வயசு டாக்டர். நெஞ்சில் சில்லென்று ஒரு பசையைத் தடவி, கருவியை அழுத்தி, திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் இருதயம் அங்கே குதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு மும்முரமாக ஒன்று எனக்குள்ளே வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது. பம்பு நன்றாக அடிக்கிறது, உள்ளே வருகிற ரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு அடியிலும் வெளியே தள்ளுகிறது, அது போதும், ஒரு குறையும் இல்லை என்றாள்.

அப்படியானால் படத்தில் பெரிதாக இருந்ததே என்று கேட்டேன். எக்ஸ்ரே என்பது நிழல்தான் என்றாள். டார்ச் லைட் பக்கம் கையைக் கொண்டுபோனால் சுவரில் கை பெரிதாக விழும் இல்லையா, அது மாதிரி. பலகை முதுகுப் பக்கம் இருந்தது, இருதயம் முன்பக்கம் இருப்பது, அதனால் நிழல் அகலமாக விழுந்தது. மூச்சை இழுக்காததால் வயிறு மேலே தள்ளி, இருதயம் படுத்துவிட்டது. நிழலை நெஞ்சின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பாதிக்கு மேல் போனால் பெரிது என்பார்கள். "ஆனா நிழலோட அகலம் வேற, பம்பு அடிக்கிற பலம் வேற, அங்கிள்," என்றாள். "பெருசா தெரியறது நல்லா அடிக்கலாம். அளவா தெரியறது அடிக்காமலும் போகலாம்."

அப்போதுதான் நீ கதவைத் திறந்து தலையை நீட்டினாய், வேனை எடுக்கச் சொல்கிறார்கள் என்று. அவள் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள், பிறகு உன் கால்களைப் பார்த்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். நீ, "நான் ஓட்டிட்டு வந்தவன் டாக்டர்," என்றாய், டிரைவருக்கு இருதயம் இல்லாத மாதிரி. அவள் விடவில்லை. நாலு கேள்வி கேட்டாள், இன்றைக்கே அட்மிட் ஆகிவிடுங்கள் என்றாள். நீ வேனைச் சொன்னாய், வேலையைச் சொன்னாய், ஜன்னலில் இருக்கிற படத்தைச் சொன்னாய். கடைசியில் அடுத்த வாரத்துக்குத் தேதி எழுதி, முடியாமல் போனால் எந்த நேரமும் வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய்.

திரும்புகிற வழியில் தாப்பாவில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாய். என் பம்பு நன்றாக இருப்பதற்கு உனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் உப்புப் போட்ட கறிக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டேன், நீ பார்த்துக்கொண்டே இருந்தாய், உன் தட்டு அப்படியே இருந்தது. மறுநாள் மலையில், இனி என்னடா சாக்கு, கொடு எஞ்சினை என்றேன். எனக்கும் ஸ்கேன் முடியட்டும், அப்புறம் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்றாய். ஒரு வாரம்தானே என்று விட்டேன்.

அந்த வாரம் முடியவில்லை. நிரைக் கடைசியில் மெஷினை இறக்கினாய், பழக்கப்படி முழங்காலில் கை ஊன்றவில்லை, கொழுந்துப் பைமேல் உட்கார்ந்தாய். "கொஞ்சம் இருடா," என்றாய். நான் இருந்தேன். நீ எழுந்திருக்கவில்லை. நேப்பாளக்காரரும் நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நீ அவ்வளவு கனமாக இருந்தாய், எல்லாம் தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள்.

ஈப்போவில் அதே டாக்டர், அதே திரை. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். என்னுடையது குதித்த இடத்தில் உன்னுடையது லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். முஷ்டி பிடிக்கப் போய், பாதியில் மறந்துவிட்ட கை மாதிரி இருந்தது. அளவாகத் தெரிந்ததே என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். அவள் கோபப்படவில்லை. புகையால் நுரையீரல் ஊதி நெஞ்சே அகன்றுவிட்டது, அகன்ற நெஞ்சில் இருதயம் ஒடுங்கித் தெரியும், அந்தப் படம் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறோம் என்றாள்.

மருந்து ஏறினதும் தண்ணீர் வடிந்தது. கால் வற்றியது. படுத்துத் தூங்கினாய். பால் இல்லாத தே ஓ கேட்டாய், சர்க்கரை குறைவு என்று நர்ஸைக் குறை சொன்னாய். நான் பிழைத்துவிட்டாய் என்றே நினைத்தேன். மத்தியானம் கோமதி உனக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது இருதயம் தாளம் தப்பி நின்றுவிட்டது. ஆட்கள் ஓடி வந்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். ஒரு கைக்கு வெட்டி முடித்திருந்தாள்.

எஞ்சின் பக்கம் பிடித்ததால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றாள். தசை பல காலமாகவே ஓய்ந்துகொண்டு வந்திருக்கிறது, பாரம் அதைக் கொஞ்சம் முன்னதாக வெளியே காட்டியிருக்கும், அவ்வளவுதான் என்றாள். ஈப்போவில் இருக்கிறவரை அதை நம்புகிறேன். மலையேறினால் நம்ப முடியவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இந்த மாதிரித் தசை ஓய்வு சில குடும்பங்களில் ரத்தத்தில் வரும். பிள்ளைகள் ஒருதடவை ஸ்கேன் பார்த்துவிட வேண்டும், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் பார்க்க வேண்டும். உனக்கு இருக்கிற பிள்ளை ஒன்றுதான்.

காரியம் முடிந்ததும் கோமதியிடம் சொன்னேன். பூக் கம்பெனியில் சேருகிறபோது எக்ஸ்ரே எடுத்தார்கள், எல்லாம் கிளியர் மாமா என்றாள். நீ பேசுவது போலவே இருந்தது. அதே குரல், அதே அலட்சியம், கை மட்டும்தான் ஜன்னலைக் காட்டவில்லை. அதற்கப்புறம் நான் அவளையே கவனிக்க ஆரம்பித்தேன். லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் பாதியில் நிற்பாள். போன் பார்க்கிற மாதிரி நிற்பாள். போனில் வெளிச்சம் இருக்காது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தினம் அவள் வாசலில் போய் நின்றேன். அவள் பின்பக்கமாக வேலைக்குப் போகத் தொடங்கினாள். சரசு, அந்தப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள் என்றாள். பயந்தால் நல்லதுதானே, பயப்படாத ஒருத்தனைத்தானே புதைத்துவிட்டு வந்தோம் என்றேன். சரசு அழுதாள். என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன வாரம் மழையில், வேலை விட்டு எல்லோரும் போன பிறகு, ஸ்டோரில் நின்று உன் படத்தையே பார்த்தேன். பிறகு டேப்பைக் கிழித்தேன். மழைச் சட்டைக்குள் உன்னை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கோமதி வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள். சட்டைக்குள்ளிருந்து எடுத்து, சமையல் ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தேன்.

"இது யாருதுன்னு தெரியுதா? உங்கப்பா. இதுவும் கிளியர்தான்மா," என்றேன்.

அவள் அதை அதற்கு முன்னால் கிட்டப் பார்த்ததே இல்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, ஒரு விரலால் அந்தச் சின்ன இருதயத்தின் ஓரத்தைத் தடவினாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் திரும்பவில்லை. நானே அடுப்பை அணைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். என் மேல் பாய்ந்தாள்.

"நீங்க மட்டும் என்ன மாமா? அப்பா போனதுலேர்ந்து எஞ்சின் பக்கத்த நீங்க யாருக்குமே குடுக்கறதில்லையாமே. அந்த நேப்பாள அண்ணன் சொல்றாரு, கேட்டா மொறைக்கிறீங்களாம். உங்க ஸ்கேன் நல்லா இருந்தா, அதுக்காக எல்லாத்தையும் நீங்களே தூக்கணுமா? அப்பாவும் இப்படித்தான செஞ்சாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. நீ விட்ட இடத்தில் நான் பிடித்தேன், ஒரு நிரைக்குக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோமதி என் கையிலிருந்து படத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் நிரைக்கு நிரை மாற்றிக்கொள்வதாக இருந்தால் தானும் ஈப்போவுக்கு வருவதாகச் சொன்னாள். பேரம் பேசுகிறாள் பார், உன் மகள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய் என்றேன். சரி என்றும் சொன்னேன்.

நேற்று போனோம். வேனை நான் ஓட்டினேன், கியர் இன்னும் அதே இடத்தில் சிக்குகிறது. அவள் உள்ளே போனதும் என்னால் உட்கார முடியவில்லை. நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். காவல்காரர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். மூன்றாவது தடவை அவரும் விட்டுவிட்டார். கதவு திறந்தது. கோமதி சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அளவு நல்லாத்தான் இருக்காம்," என்றாள். "பம்புதான் கொஞ்சம் கம்மியாம். அப்பா அளவுக்கு இல்லையாம், மாமா. கொஞ்சந்தானாம்."

டாக்டர் என்னையும் கூப்பிட்டுச் சொன்னாள். ஆரம்பத்திலேயே வந்திருக்கிறாள், மாத்திரையை விடாமல் போட வேண்டும், அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும், இந்தக் கட்டத்தில் நிறையப் பேருக்குத் தேறி வருகிறது என்றாள். உறுதி கேட்டேன். உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறாள் என்றாள். கோமதி அழவில்லை. நான்தான் வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பயத்திலா, நிம்மதியிலா, உன் மேல் இருக்கிற கோபத்திலா, எனக்குத் தெரியவில்லை. உனக்கும் இதே மாத்திரைதான் கொடுத்திருப்பார்கள். நீ அந்த டாக்டரிடம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தால்.

தாப்பாவில் அவள் ரொட்டி சானாய் கேட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து உன் படத்தை எடுத்துக் கொடுத்தாள். திரும்ப ஒட்டிவிடுங்கள் மாமா, ஸ்டோரில் பனி வரும் என்றாள்.

அதைத்தான் இன்று காலை ஒட்டினேன். பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். இப்போது என் எதிர்ப் பக்கம் பிடிப்பது அந்த நேப்பாளக்காரர்தான். முதல் நிரை முடிந்தது, இறக்கினோம். அவர் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. என்னோடு சண்டை போட்டுச் சலித்துவிட்டார், பாவம். நான் நிரையைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். போங்கள், உங்கள் முறை என்று கையைக் காட்டினேன். ஓடிப்போய் எஞ்சினைப் பிடித்துக்கொண்டார், நான் மனம் மாறிவிடுவேனோ என்று.

தூக்கினோம். என் கைகளுக்கு வெறும் கைப்பிடி வந்தது. பாரம் வரும் என்று இறுக்கி வைத்திருந்த தோள் ஏமாந்துபோய்த் துள்ளியது. எஞ்சினின் அதிர்வு மட்டும் என் வலது கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இதோ, எழுதுகிறபோதும் ஓடுகிறது. இரண்டு அடி நடந்தேன். எனக்கு மறந்தே போயிருந்ததடா, இந்தப் பக்கம் இவ்வளவு லேசு. இவ்வளவு லேசு. ஒரு நிரை, ஒரே ஒரு நிரைக்கு நீ இங்கே வந்து நின்றிருக்கலாம்.